வெள்ளைக்காரர் எடுத்துப் போன கண்ணாடி

போன அத்தியாயத்தில் பிடிபட்ட கோழித் திருடன் லாக்கப்பில் சமர்த்தாக உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அவனை விட்டுத் தள்ளுங்கள். அதைவிட அருமையான கேஸ் ஒன்று மறுநாள் காலையில் எங்கள் ஆபீஸ் படியேறி, மூச்சிரைக்க நாற்காலியில் வந்து விழுந்தது.

"ஒரு வெள்ளைக்காரரைக் காணோம்" என்றாள் அந்தப் பெண்.

"நாப்பத்தேழுலயே எல்லாரும் போயிட்டாங்களேம்மா. இப்பத்தான் கவனிச்சியா?" என்றேன்.

நான் பாபு. 'அம்சா துப்பறியும் நிலைய'த்தின் போர்டில் பெயர் இல்லாத ஒரே ஊழியன். போர்டில் பெயர் இருப்பவர் அம்சவல்லி மேடம். பல வருஷம் ஒரு துணிக் கம்பெனி கேட்டில் நின்று, ஷிப்ட் முடிந்து போகும் பெண்களின் டிபன் பாக்ஸை சோதித்தவர். சாம்பார் சாதத்துக்கு அடியில் பட்டன் பாக்கெட் ஒளிந்திருப்பதை மூடியைத் திறக்காமலே சொல்லிவிடுவார். அந்தத் திறமையை ஒரு கேட்டோடு முடக்குவானேன் என்று ஸ்ரீபெரும்புதூர் கடைவீதியில் சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து உட்கார்ந்துவிட்டார்.

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு தண்ணீர் எடுத்து வந்தேன்.

வந்தவள் பெயர் ரோஸி. முப்பது வயதிருக்கும். இந்த ஊர்ப் பெண்தான். லண்டனில் நர்ஸ் உத்தியோகம். கையில் லண்டன் பை, காலில் லண்டன் ஷூ, பேச்சு மட்டும் கடைவீதியைத் தாண்டவில்லை. அழுது அழுது கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"பேரு ஹோரேஸ் பிம்லாட், மேடம். லண்டன்ல அவரு வூட்டு மாடியிலதான் நான் குடியிருக்கேன். பொண்டாட்டி போய் சேந்துட்டாங்க, புள்ள குட்டி கெடையாது. ஹார்ட் ஆபரேஷன் ஆனப்ப நான்தான் கூட இருந்து பாத்துக்கினேன். எனக்கு அப்பா மாதிரி. எங்க அண்ணன் கல்யாணத்துக்கு வாங்கன்னு நான்தான் வம்படியா இட்டாந்தேன். அண்ணன் வூட்டுல உக்கார்ற டாய்லெட் இல்லன்னு லாட்ஜுல தங்க வெச்சேன். நேத்து காலைல போய்ப் பாக்கறேன், ஆளக் காணோம்!"

"என்ன வேலை பாக்கறாரு?" என்றார் மேடம்.

"பேய்க்கதை எழுதறாரு."

ரோஸி பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். பின்னட்டை முழுக்க ஒரு முகம். ஒரு புருவம் நெற்றியின் பாதிவரை ஏறியிருந்தது. இரண்டு கண்ணும் வெளியே குதிக்கத் தயாராக இருந்தன. வழுக்கைக்கு இரண்டு பக்கமும் முடி கொம்பு மாதிரி நின்றது. முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து.

"ஆத்தாடி! இவரைக் காணோம்னா நல்லதுதானேம்மா?"

"டேய் பாபு!" என்றார் மேடம்.

பிம்லாட்டின் கதையை ரோஸி மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள். ஆதியில் அவர் பேங்க் குமாஸ்தாவாம். சாப்பாட்டு நேரத்தில் சாண்ட்விச்சை ஒரு கையிலும் பேனாவை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, கல்லறை, ரத்தம், பாதாள அறை என்று எழுதித் தள்ளினாராம். முதல் நாவலைப் படித்த பேங்க் மேனேஜர் அதற்கப்புறம் லாக்கர் அறைக்குத் தனியாகப் போனதே இல்லையாம். அந்தப் பெருமையில் மனுஷன் வேலையை விட்டுவிட்டார். வருஷத்துக்கு இரண்டு நாவல். ஒரு காலத்தில் அவர் புத்தகம் வாங்கினால் மெழுகுவத்தி ஒன்று இலவசமாம், விளக்கை அணைக்கப் பயப்படுகிறவர்களுக்காக.

"அப்புறம் டி.வி. வந்துது, வீடியோ வந்துது. ஜனங்களுக்கு பயம் தெளிஞ்சுபோச்சு மேடம். ஒரு நாள் ரயில்ல எதிர் சீட்டுல ஒரு பொண்ணு இவரு புக்கைப் படிச்சுக்கினு விழுந்து விழுந்து சிரிச்சிருக்குது. வூட்டுக்கு வந்து ராத்திரி பூரா வெளக்கைப் போட்டுக்கினு உக்காந்திருந்தாரு. மூணு வருஷம் முன்ன, இனிமே உன் கதை வேணாம்னு கம்பெனிக்காரனும் கைய விரிச்சுட்டான். விக்காத புக்கையெல்லாம் பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போட்டுட்டான். அன்னியிலேர்ந்து பேனாவைத் தொடல. சோறு தண்ணி சரியா எறங்கல. 'என்னைப் பாத்து ஒரே ஒரு ஆளு பயந்தா போதும் ரோஸி, நான் நிம்மதியா கண்ண மூடுவேன்'னு சொல்லிக்கினே இருப்பாரு."

அவள் குரல் உடைந்துவிட்டது.

"கண்ண மூடுவேன்னு சொன்னவரு மேடம்! நேத்து பூரா ஏரிக்கரையில தேடிக்கினு இருந்தேன்."

மேடம் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினார். "வண்டிய எடு பாபு" என்றார்.

எங்கள் ஃபியட்டை எடுப்பது என்றால் முதலில் தள்ளுவது. வளைகுடாவில் சண்டை நடக்கிறது, பெட்ரோலுக்குக் கியூ நிற்கிறது, ஆகவே சிக்கனமாகத் தள்ளித்தான் ஓட்ட வேண்டும் என்பது மேடத்தின் கொள்கை. பேட்டரி செத்து ஒரு வருஷம் ஆயிற்று என்பது என் கருத்து. லாட்ஜ் நாலு கடை தள்ளித்தான் இருந்தது. வண்டி உயிர் பெறுவதற்குள் லாட்ஜ் வந்துவிட்டது.

லாட்ஜ் மேனேஜர் ரகுபதி வாசலிலேயே எங்களைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு வெள்ளைக்காரர் போன கவலையே இல்லை.

"என் கண்ணாடிய எடுத்துக்கினு பூட்டாரு மேடம்! பாத்ரூம் வாஷ்பேசின் மேல மாட்டியிருந்த கண்ணாடி! பெல்ஜியம் கண்ணாடி!"

"பெல்ஜியமா, பல்லாவரமா?" என்றேன்.

"வாங்கின எடம் பல்லாவரம்தான்" என்று அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

அறையில் எல்லாம் இருந்தது. பெட்டி, பாஸ்போர்ட், பர்ஸ், கோட்டு. வாஷ்பேசினில் சோப்பு நுரை காய்ந்துபோன பிரஷ், பக்கத்தில் ரேசர். மேலே சுவரில் வெறும் ஆணி. மேடம் கட்டிலைப் பார்க்கவில்லை, பெட்டியைத் திறக்கவில்லை. ஆணிக்கு நேரே போய் நின்று அதையே முறைத்தார்.

"ரோஸி, நீ அழுகைய நிறுத்து. உங்க பெரியவரு உயிரோடதான் இருக்காரு."

"எப்படி மேடம் சொல்றீங்க?"

"பாஸ்போர்ட்டை விட்டுட்டுக் கண்ணாடிய எடுத்துக்கினு போயிருக்காரும்மா. சாகப் போறவனுக்கு மூஞ்சி பாக்கறதுல இன்னா வேலை? மூஞ்சி பாக்கறவனுக்கு சாவறதுக்கு நேரம் ஏது?"

ரோஸி சிரிக்கப் போனாள். பாதியில் அவள் கண் கட்டில் பக்கத்து ஸ்டூலில் விழுந்தது. சின்ன மாத்திரை பாட்டில் ஒன்று. பாய்ந்து எடுத்தாள்.

"ஐயோ, நாக்குக்கு அடியில வெக்கிற மாத்திரை! இதையும் எடுத்துக்கினு போவலியா! நெஞ்சு வலி வந்தா இது ஒண்ணுதான் மேடம் அவரக் காப்பாத்தும். கோவம் ஆவாது, ஓட்டம் ஆவாது..."

மேடத்தின் முகத்தில் இருந்த விளையாட்டு போய்விட்டது. "பாபு, என் கைப்பைக் கண்ணாடிய எடுத்து அந்த ஆணிகிட்ட புடி" என்றார்.

பிடித்தேன். மேடம் ஷேவ் செய்கிறவர் மாதிரி மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"எனக்குப் பின்னால இன்னா தெரியுது?"

"ஜன்னல் தெரியுது மேடம். ரோட்டுக்கு அந்தாண்ட புதுசா கட்டற கல்யாண மண்டபம் தெரியுது."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

"வா, கீழ போலாம்."

மண்டபத்துக்கு நேர் எதிரே சின்னப்பொண்ணு அக்காவின் டீக்கடை. விஷயத்தைச் சொன்னதும் அக்காவுக்கு வந்த உற்சாகத்தில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

"அந்தக் கூத்த ஏன் கேக்கறீங்க! நேத்து காலைல மூஞ்சி பூரா சோப்பு நொரை, பட்டன் போடாத சட்டை, இடுப்புல டவுசரு, கையில கண்ணாடி. ரோட்டக் குறுக்கால தாண்டி ஓடியாறாரு. லாரிக்காரன் பிரேக் போட்டு வாயில வந்ததெல்லாம் திட்டறான், இவரு காதுல எதுவும் விழல. இங்கயே நின்னுக்கினு மேல பாக்கறாரு, கண்ணாடியப் பாக்கறாரு. மறுக்கா மேல, மறுக்கா கண்ணாடி. அப்புறம் இன்னா தெரியுமா? தங்கு தங்குனு குதிக்கறாரு!"

"மேல இன்னா பாத்தாரு?" என்றார் மேடம்.

"எனக்கு இன்னா தெரியும்? மேல இன்னா கீது, கட்டடம்தான் கீது."

நானும் அண்ணாந்து பார்த்தேன். சாரம், செங்கல், ஈரச் சாக்கு, காய்கிற ஒரு லுங்கி. "ஒண்ணும் இல்ல மேடம்" என்றேன்.

மேடம் என் தாடையைப் பிடித்து முகத்தை அரை அங்குலம் இடப்பக்கம் திருப்பினார்.

"அது?"

"அது திருஷ்டி பொம்மை மேடம்."

"ஏண்டா, அது ஒண்ணும் இல்லாத கணக்குல வருதா? ஊரான் கண்ணு அது மேல விழணும்னுதான் கட்டித் தொங்க விடறோம். கட்டினப்புறம் ஒருத்தனாவது அதைப் பாக்கறானா? கேட்டுல நின்னப்ப நானே ஆறு மாசம் அதுக்குக் கீழ டூட்டி பாத்திருக்கேன், நிமிந்து பாத்ததில்ல. புது ஆளு, வெளியூரு, திருஷ்டின்னா இன்னான்னே தெரியாதவரு. அவரு ஒருத்தருதான் பாத்திருக்காரு. ரோஸி, அந்த புக்கைக் குடு."

பின்னட்டையை உயர்த்திப் பிடித்தார். நாங்கள் மேலே பார்த்தோம், அட்டையைப் பார்த்தோம். மறுபடி மேலே. சிவப்புப் பெயிண்ட், தொங்குகிற நாக்கு, முறுக்கு மீசை எல்லாவற்றையும் மனசால் வழித்துப் போட்டுவிட்டுப் பார்த்தால்... நெற்றியில் பாதி ஏறிய புருவம். கொம்பாக நிற்கும் முடி. முன்பல்லில் சந்து!

"ஏசப்பா!" என்று ரோஸி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. ஷேவ் செய்கிற மனுஷன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கிறார்; தோளுக்குப் பின்னால் இன்னொரு தன் முகம், நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கயிற்றில் ஆடுகிறது! அவர் எழுதின எந்த நாவலிலும் இப்படி ஒரு கட்டம் வந்திருக்காது.

"நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள ஆளாளுக்குக் கத்தறீங்க" என்று கோபித்துக்கொண்டாள் சின்னப்பொண்ணு அக்கா. "அந்த பொம்மைய கைய கைய காட்டினாரு. பாவம், அவரும் வூடு கட்றாரு போல, திஷ்டிக்கு ஒண்ணு வேணும் போலன்னு நான்தான் சோப்பைத் தொடச்சுவுட்டு, ஒரகடம் பக்கம் போற பஸ்ஸுல ஏத்தி, கண்டக்டராண்ட சொல்லி வுட்டேன். அத செய்யறவன் சேரப்பணஞ்சேரி கன்னியப்பன். அவன் பொம்மை கட்டினா ஒரு பய கண்ணு படாது, தெரியுமா?"

ஃபியட்டைத் தள்ளினோம். ரகுபதியும் கண்ணாடி ஆசையில் வந்து தள்ளினார். வண்டி கிளம்பியதும் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டோம்.

அந்தச் சாலையை எத்தனையோ முறை ஓட்டியிருக்கிறேன். அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். புதிதாக எழும்பிய கம்பெனி ஷெட் ஒவ்வொன்றின் நெற்றியிலும் பிம்லாட். சிமெண்ட் குடோனில் பிம்லாட். பாதி கட்டின மாடி வீட்டில் பிம்லாட். கத்தரித் தோட்டத்தில் ஒரு பிம்லாட் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். ஒரகடம் கூட்டுரோட்டில் பரோட்டாக் கடை வாசலில் எலுமிச்சம்பழ மாலையோடு ஒரு பிம்லாட்.

"அதோ! அதோ அங்க ஒண்ணு!" என்று ரோஸி ஜன்னல் வழியே கையை நீட்டி நீட்டிக் காட்டினாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவளுக்கு.

"மேடம், என் கணக்கு சொல்லட்டுமா?" என்றேன். "நம்ம மூஞ்சிய எவனாவது கொம்பு வெச்சு வித்தா நமக்கு எப்படி இருக்கும்? பெரியவர் சண்டைக்குத்தான் போயிருக்காரு. கன்னியப்பனும் லேசுப்பட்டவன் இல்ல. நேத்து போனவர் இன்னும் திரும்பலன்னா, அடிதடி ஆகி ஆளை எங்கயாவது கட்டிப் போட்டு..."

ரோஸியின் சிரிப்பு சட்டென்று நின்றது. மாத்திரை பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "சீக்கிரம் போங்கண்ணே" என்றாள். என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன். ஆக்ஸிலரேட்டரை முடிந்த மட்டும் மிதித்தேன். ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போனார்.

சேரப்பணஞ்சேரியில் கன்னியப்பன் பட்டறை என்று கேட்டதும் கையைக் காட்டினார்கள். ஓலைக் கொட்டகை, வெளியே சிமெண்ட் தொட்டி. தொட்டியில் காகிதம் ஊறிக் கஞ்சியாகக் கிடந்தது. மேடம் ஒரு குச்சியால் கிளறி, பாதி கரைந்த அட்டை ஒன்றைத் தூக்கினார். ஆங்கில எழுத்து. நனைந்து தொங்கும் பிம்லாட்டின் முகம். கொடியில் ஒரு வெள்ளைக்காரச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

"சட்டை இங்க. ஆளு எங்க?" என்று நான் கிசுகிசுத்தேன்.

கொட்டகைக்குள்ளிருந்து ஓர் அலறல் வந்தது பாருங்கள்! கொலை விழும்போது போடுகிற அலறல். கூரையில் இருந்த காக்கையெல்லாம் பறந்துவிட்டது.

ரோஸி சிலையாக நின்றாள். மேடம் ஓடிப் போய்க் கதவை ஓங்கி உதைத்தார். கதவு பூட்டியிருக்கவில்லை. மேடம் போன வேகத்தில் உள்ளே ஒரு காகித மூட்டைமேல் குப்புற விழுந்தார். நான் மேடத்தின்மேல் விழுந்தேன்.

உள்ளே, கவிழ்த்துப் போட்ட தார் டிரம் ஒன்றின்மேல், கைலி கட்டிக்கொண்டு, மடியில் ரகுபதியின் கண்ணாடியோடு, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார் ஹோரேஸ் பிம்லாட். வாய் பிளந்திருந்தது, கண் பிதுங்கியிருந்தது. மறுபடி ஒரு முறை அலறினார். அலறி முடித்ததும் குழந்தை மாதிரி கெக்கெக்கே என்று சிரித்தார். எதிரே கை நிறையக் களிமண்ணோடு கன்னியப்பன் தலையில் அடித்துக்கொண்டிருந்தான்.

"தோ, அலறிக் காட்டுன்னா மறுக்கா சிரிச்சுட்டாரு! அம்மா, நீங்க யாரா இருந்தாலும் சரி, இந்தாளை அழவுடுங்கம்மா, புண்ணியமாப் போவும்! நேத்து சோப்பு மூஞ்சியோட வந்து நின்னாரு பாரு, அதான் மூஞ்சி! கண்ணப் பறிக்கற மூஞ்சி! அச்சு தேஞ்சுபோச்சு, புது அச்சு எடுக்கலாம், சாமியே நேர்ல வந்துட்டாருன்னு உக்கார வெச்சேன். உக்காந்ததுலேர்ந்து பல்லக் காட்டிக்கினே கீறாரு. பொம்மை சிரிச்சா எவன்மா வாங்குவான்?"

மேடம் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். "இவர் மூஞ்சி ஒனக்கு எப்படிக் கெடைச்சுது?"

"தாம்பரத்துல பழைய பேப்பர் கடையில மூட்டை மூட்டையா இங்கிலீஷ் புக்கு வந்துதும்மா, கப்பல்ல வந்த கழிவு. பொம்மைக்கான பேப்பர் கூழுக்கு வாங்கியாந்தேன். பிரிக்கறேன், ஒவ்வொரு புக்கு பின்னாலயும் இந்த மூஞ்சி மொறைக்குது. ராத்திரி பட்டறையில படுக்க முடியல, வூட்டுக்குப் போய் பொண்டாட்டி பக்கத்துல படுத்துக்கினேன். என்னையே இந்தப் பாடு படுத்தறவன் ஊரான் கண்ண வெரட்ட மாட்டானான்னு அதையே அச்சு எடுத்தேன்."

லண்டனில் எடைக்குப் போட்ட நாவல்கள் கப்பலேறி, சேரப்பணஞ்சேரித் தொட்டியில் கரைந்து, எழுதினவர் முகமாகவே காய்ந்து எழுந்திருக்கின்றன!

பிம்லாட் டிரம்மிலிருந்து இறங்கி மேடத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் ஆங்கிலத்தில் பொழிந்ததை என் அறிவுக்கு எட்டிய தமிழில் தருகிறேன்.

"அம்மா, என் ஊரில் ஒரு சின்னப் பெண்கூட என்னைப் பார்த்துப் பயப்படவில்லை. இங்கே பொறாமையே என்னைப் பார்த்துப் பயந்து ஓடுகிறதாம், இவர் ஜாடையில் சொன்னார்! ஒரு பிரதேசத்தையே நான் காவல் காக்கிறேன்! நேற்றிலிருந்து மூன்று வேளையும் சாப்பிட்டேன். ஒரு கதைகூடத் தோன்றிவிட்டது!"

மேடம் வாசலைக் காட்டினார்.

ரோஸி நின்றுகொண்டிருந்தாள். மெதுவாக வந்தாள். அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். கன்னத்தில் கண்ணீர் அதுபாட்டுக்கு ஓடியது.

"ரொம்ப பயந்துட்டேன்" என்றாள் கடைசியில், ஆங்கிலத்தில்.

பிம்லாட்டின் கண்ணில் பல்பு எரிந்தது. ஆயுசு முழுக்கக் கேட்கக் காத்திருந்த வார்த்தை அல்லவா!

"நிஜமாகவா? எவ்வளவு பயம்? எங்கே ஆரம்பித்தது ரோஸி, கையிலா, வயிற்றிலா?"

"ஏரியில ஒரு மூட்டை மிதந்துது. தூரத்துலேர்ந்து பாத்தா வெள்ளையா முதுகு மாதிரி இருந்துது. இடுப்புத் தண்ணி வரைக்கும் எறங்கிப் போயிட்டேன். கிட்ட போனப்புறம்தான் சிமெண்ட் சாக்குன்னு தெரிஞ்சுது. அது வரைக்கும்... அது வரைக்கும் அது நீங்கதான்."

பிம்லாட்டின் சிரிப்பு போய்விட்டது. புருவம் இறங்கியது, வாய் கோணியது, கண்ணில் இருந்தது அசல் பயம். நான் அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

"அதான்! அதான்! அசையாதீங்க சாமி!" என்று கன்னியப்பன் களிமண்ணோடு பாய்ந்தான்.

பிம்லாட் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். ரோஸி திரும்பினாள். "எட்டப் போய்யா! அவர் மூஞ்சில கை வெச்ச, கைய ஒடிச்சுடுவேன்!" அந்தக் கூச்சலில் கன்னியப்பன் பின்னாலேயே நடந்து மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டான். பயமென்றால் என்ன என்று அந்தக் கொட்டகையில் இருந்த ஆண்கள் மூன்று பேருக்கும் அப்போதுதான் விளங்கியது.

பிம்லாட் கையை எடுத்தார். முகம் நனைந்திருந்தது. ஒரு கை நெஞ்சைத் தேய்த்தது.

"எத்தனை பேரைக் காணாமல் போக வைத்திருக்கிறேன், ரோஸி, என் நாவல்களில்" என்றார். "ஒருத்தரைக்கூட யாரும் தேடி வந்ததாக நான் எழுதியதே இல்லை."

"அதான் ஒருத்தரும் வாங்கல" என்றாள் ரோஸி தமிழில். பாட்டிலைத் திறந்து மாத்திரையை எடுத்தாள். "நாக்கைத் தூக்குங்க."

அவர் தூக்கினார்.